மூன்று பிளாக், மூன்று அளவு: டேபிள் ரன்னர் தைக்க உதவி வேண்டும்

ஊசிநூல்_ஈரோடு:

எல்லோருக்கும் வணக்கம். பதினான்கு வருடமாக வீட்டிலேயே ப்ளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். ஒட்டுத்துணி வேலை இதுதான் முதல் தடவை.

ஒஹாயோவில் இருக்கும் என் அக்கா, பக்கத்து வீட்டு அம்மாவின் சாப்பாட்டு மேஜையில் கிடந்த ரன்னரை (மேஜை நடுவில் நீளமாக விரிக்கும் துணி) படம் எடுத்து அனுப்பி, இதே மாதிரி நம்ம ஊர் ப்ளவுஸ் துணியில் தைத்துத் தருவாயா என்று கேட்டாள். அவள் இதுவரை என்னிடம் எதையும் கேட்டு வாங்கியதில்லை, அதனால் நன்றாகச் செய்து கொடுக்க வேண்டும் என்று ரொம்ப ஆசை. நடுவில் ஒரு சதுரம், நான்கு பக்கமும் இரண்டு நிறப் பட்டை, நான்கு மூலையிலும் பாதிப் பாதி முக்கோணம். அதற்குப் பெயர் சர்ன் டேஷ் என்று அந்த அம்மா சொன்னாராம்.

அளவெல்லாம் அக்கா கேட்டு அனுப்பினாள். மூலைக்கு 4 இஞ்ச் சதுரம் அடர் நிறத்தில் 2, வெளிர் நிறத்தில் 2. பட்டைக்கு 2 இஞ்ச் அகலம், 14 இஞ்ச் நீளத்தில் ஒவ்வொரு நிறத்திலும் ஒன்று, இரண்டையும் சேர்த்துத் தைத்து மூன்றரை இஞ்சுக்கு ஒன்றாக நான்கு துண்டு. நடுச் சதுரம் மூன்றரை. தையலுக்குக் கால் இஞ்ச். எல்லாம் சேர்ந்த முழுச் சதுரம், அதாவது ஒரு பிளாக், ஒன்பதரை இஞ்ச் வர வேண்டும்.

மூன்று பிளாக் தைத்தேன். மெரூன், கடுகு மஞ்சள், பாட்டில் பச்சை, மூன்றும் 2x2 ரூபியா ப்ளவுஸ் துணி. வெளிர் நிறத்துக்குக் க்ரீம் கலர் பாப்ளின். ஒன்று ஒன்பதே கால் வந்தது, ஒன்று அதைவிட ஒரு நூல் (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) குறைவு, இன்னொன்று சரியாக ஒன்பது! மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒரே அளவுதான், நடு வரிசை மட்டும் கால் இஞ்ச் குட்டையாக வந்தது. இழுத்துப் பிடித்துப் பொருத்தினேன், இப்போது பக்கவாட்டு ஓரம் உள்ளே குழிந்து நிற்கிறது. நன்றாக ஸ்டீம் வைத்து அழுத்தி இழுத்துப் பார்த்தேன், இன்னும் கோணலாகிவிட்டது.

கேள்விகள்: இந்த மூன்றையும் எப்படிச் சமமாக்குவது? உள்ளே வைக்க இங்கே கடையில் தடியான பாலியஸ்டர் பஞ்சு ஷீட் கொடுத்தார்கள், அது சரிவருமா? காலால் மிதிக்கும் சாதாரண மெஷினில் மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்று அடுக்கும் சேர்த்துத் தைக்க முடியுமா? மூன்று பிளாக்கையும் மேஜையில் பரப்பி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பனிமலர்:

நீங்கள் அளவை இவ்வளவு ஒழுங்காக எழுதியதால் காரணம் சட்டென்று தெரிந்துவிட்டது. வெட்டியதில் பெரிய பிழை இருக்காது. தையல்தான் கால் இஞ்சைத் தாண்டிப் போயிருக்கிறது.

மேல் வரிசையில் இரண்டு தையல்தான் வருகிறது. நடு வரிசையில் அந்த இரண்டோடு, இரண்டு பட்டைத் துண்டுக்கும் உள்ளே ஒவ்வொரு தையல், ஆக நான்கு. ஒவ்வொரு தையலும் அரை நூல் அதிகமாகப் பிடித்தால், இரண்டு பக்கத் துணியிலும் போய், ஒரு தையலுக்கு ஒரு நூல் குறையும். அதனால் மேல் வரிசை ஒன்பதரைக்குப் பதில் ஒன்பதே கால், நடு வரிசை ஒன்பது. நீங்கள் சொன்ன கால் இஞ்ச் குட்டை அதுதான். மூன்றாவது பிளாக் ஒன்பது வந்திருக்கிறது என்றால் அதில் தையலுக்குக் கால் இஞ்சுக்குப் பதில் மூன்று நூல் பிடித்திருக்கிறீர்கள். ப்ளவுஸில் தையலுக்கு அரை இஞ்ச், ஒரு இஞ்ச் விட்டுப் பழகிய கை, கவனிக்காமல் போனால் தானாக உள்ளே போகும். ப்ளவுஸில் அரை நூல் யாருக்கும் தெரியாது, அதைப் பிரித்துவிட இடமும் இருக்கிறது. இதில் அந்த அரை நூல்தான் எல்லாம்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, வரிசையாகச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளங்கள். சரியாக ஒரு இஞ்ச், அதாவது எட்டு நூல் இருக்க வேண்டும். ஏழு நூல் இருந்தால் தையலை அரை நூல் வெளியே தள்ளுங்கள். மெஷின் பாதத்தின் ஓரத்தைக் கணக்கு வைக்காதீர்கள், ஒவ்வொரு மெஷினிலும் அது ஒவ்வொரு அகலம். ஊசியைத் துணி இல்லாமல் இறக்கி, ஊசி முனையிலிருந்து ஸ்கேலால் கால் இஞ்சுக்கு ஒரு இழை குறைவாக அளந்து, அந்த இடத்தில் தட்டின்மேல் பிளாஸ்டரை நாலைந்து மடிப்பாக ஒட்டிவிடுங்கள். துணி ஓரம் அந்த மேட்டில் இடித்துக்கொண்டே போகும், கண்ணுக்கு வேலையே இல்லை. ஒரு இழை குறைவாக என்று சொன்னதற்குக் காரணம், தையலை மடித்து இஸ்திரி போடும்போது மடிப்பிலேயே கொஞ்சம் துணி போய்விடும்.

நான் பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் பக்கம் இருக்கிறேன். பழைய முறையில் எளிமையாக வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்து மக்கள் நிறைய இருக்கும் இடம். அவர்களுடைய பழைய குயில்ட்களில், அதாவது ஒட்டுத்துணிப் போர்வைகளில், பூப்போட்ட துணியே இருக்காது, எல்லாம் ஒரே நிறத் துணிதான். அடர் நிறம் ஒன்றின் பக்கத்தில் இன்னொன்று வைத்தே அந்த அழகு வரும். உங்கள் மெரூனும் பாட்டில் பச்சையும் அந்த வரிசையில் அப்படியே பொருந்தும். நம் ஊர்க் கடையில் சேலைக்கு மேட்ச் பார்க்க அடுக்கி வைத்திருக்கும் அத்தனை நிறமும் இங்கே ஒரே இடத்தில் கிடைப்பது கஷ்டம். அதனால் துணியில் குறை வைக்காதீர்கள், நல்ல தேர்வு.

பெயரைப் பற்றி ஒன்று. சர்ன் டேஷ் என்றால் வெண்ணெய் கடையும் மத்து. அந்த ஊர் மத்தைக் கயிறு சுற்றிச் சுழற்ற மாட்டார்கள், உயரமான பானையில் மேலும் கீழும் குத்திக் கடைவார்கள், கழியின் அடியில் குறுக்குக் கட்டை இருக்கும். இதே பிளாக்குக்கு மங்கி ரெஞ்ச் என்றும், களஞ்சியக் கதவின் ஓட்டை என்றும் வேறு பெயர்கள் உண்டு. வீட்டில் கையில் புழங்கிய சாமானின் பெயரையே வைத்திருக்கிறார்கள். கான்சாஸ் சிட்டி ஸ்டார் என்ற செய்தித்தாள் 1928 முதல் 1961 வரை இப்படிப் பிளாக் மாதிரிகளை அச்சிட்டு வந்தது, பெண்கள் கத்தரித்து எடுத்துவைத்துத் தைத்தார்கள். உங்கள் அக்காவிடம் கொடுக்கும்போது இது மத்து என்று சொல்லிக் கொடுங்கள், சந்தோஷப்படுவார்.

இப்போது செய்ய வேண்டியது: மூன்றையும் பிரித்துவிடுங்கள். துண்டுகள் சரியாகத்தானே வெட்டியிருக்கிறீர்கள், தையல் ஓரத்தைக் கத்தரிக்காமல் இருந்தால் துணி எங்கும் போகவில்லை. மூலை முக்கோணத் துண்டுகள் மட்டும் பிரிக்க வேண்டாம். 4 இஞ்சில் வெட்டியதால் கொஞ்சம் பெரிதாகவே வந்திருக்கும், மூன்றரைக்கு நறுக்கினால் போதும். நறுக்கும்போது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போகும் தையல் சரியாக மூலையில் முடிகிறதா என்று பார்த்து நறுக்குங்கள். அது தப்பினால் முக்கோணத்தின் கூர் வெட்டுப்பட்டுவிடும்.

---

தையல்_மாஸ்டர்:

தங்கச்சி, பனிமலர் அம்மா சொன்ன கணக்கு சரி. ஆனால் மூன்றையும் பிரிப்பது எனக்குச் சம்மதமில்லை. ரூபியா இழை மெல்லியது, கால் இஞ்ச் ஓரத்தை இரண்டாவது தடவை பிரித்தால் நூல் நூலாக வந்துவிடும், அப்புறம் தையல் நிற்க இடம் இருக்காது. ரொம்பக் கெட்டுப்போன ஒன்பது இஞ்ச் பிளாக்கை வேண்டுமானால் பிரி. அப்புறம் மூன்றுக்கும் நான்கு ஓரத்திலும் க்ரீம் பாப்ளினில் ஒன்றரை இஞ்ச் பட்டை போட்டு, மூன்றையும் 11 இஞ்சுக்கு நறுக்கிவிடு. முக்கோணத்தின் கூர் பட்டைக்குள்ளே பத்திரமாக இருக்கும், அளவும் ஒன்றாகிவிடும். பெரிய பிளாக்கைச் சின்னதன் அளவுக்கு நேராக நறுக்காதே, கூர் எல்லாம் போய்விடும்.

இருபத்தெட்டு வருடமாகத் தைக்கிறேன், பிரச்சினை மெஷினுக்கு வருவதற்கு முன்னாலேயே ஆரம்பிக்கிறது என்பதுதான் என் அனுபவம். துணியை நனைத்தாயா? ப்ளவுஸுக்கு லைனிங் துணியை நனைத்துப் போடுவது போல இதற்கும் எல்லாத் துணியையும் நனைக்க வேண்டும். மெரூனைத் தனியாக ஒரு வெள்ளை டப்பாவில் ஊறவைத்துப் பார். தண்ணீர் சிவந்தால், சிவப்பு வராத வரை அலசு. உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள், சாயம் போட்டு முடிந்த துணியில் அது வேலை செய்யாது, அலசுவதுதான் வழி. க்ரீம் பக்கத்தில் மெரூன் வைக்கிறாய், ஒரு தடவை சாம்பார் கொட்டித் துவைத்தால் க்ரீம் ரோஸ் கலர் ஆகிவிடக்கூடாது.

காய்ந்த பிறகு கஞ்சி போடு. சோறு வடித்த கஞ்சியை வடிகட்டி, தண்ணீர் கலந்து, துணியை முக்கிப் பிழிந்து காயப்போட்டு, லேசான ஈரத்தில் இஸ்திரி போடு. ரூபியா காகிதம் மாதிரி நிற்கும். இது ஏன் முக்கியம் என்றால், முக்கோணத்தின் சாய்ந்த ஓரம் கிராஸ், அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டியது. கிராஸ் பீஸ் எப்படி இழுபடும் என்று பைப்பிங் வைத்த உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கஞ்சி இருந்தால் அது இழுபடாது.

அப்புறம் சாக்பீஸ். தடியான சாக்பீஸில் கோடு போட்டால் கோடே அரை நூல் அகலம், கோட்டுக்கு உள்ளே வெட்டினாயா வெளியே வெட்டினாயா என்பதிலேயே அளவு மாறிவிடும். பென்சிலைச் சீவிக்கொள். கல்யாணப் பத்திரிகை அட்டையில் மூன்றரை இஞ்ச் சதுரம், 4 இஞ்ச் சதுரம் துல்லியமாக வெட்டி வைத்து, அதை வைத்தே வரை. பத்து தடவை வரைந்த பிறகு அட்டை ஓரம் தேயும், புதிதாக வெட்டிக்கொள். உருளும் கத்தியும் அதற்கு அடியில் போடும் பாயும் இருந்தால் இன்னும் சுலபம், ஆனால் ஒரு ரன்னருக்காக வாங்க வேண்டாம்.

இஸ்திரியை ஓட்டாதே. பெட்டியைத் தூக்கி வை, தூக்கி எடு. ஸ்டீம் வேண்டவே வேண்டாம். தையலை அடர் நிறத்துப் பக்கம் சாய்த்துப் போடு, க்ரீம் வழியாக மெரூன் ஓரம் நிழலாகத் தெரியாது.

---

இழையோட்டி:

மூன்று அடுக்கு தைப்பது பற்றி நான் சொல்கிறேன். கையால்தான் தைக்கிறேன், மெஷின் பழக்கம் குறைவு.

அந்தப் பாலியஸ்டர் பஞ்சு வேண்டாம். மேஜையில் உப்பி நிற்கும், தண்ணீர் டம்ளர் வைத்தால் ஆடும், சூடான பாத்திரம் பட்டால் உள்ளே உருகிக் கட்டியாகும். குழந்தைத் துணிக்கு வாங்கும் காட்டன் ஃபிளானல் ஒரு அடுக்கு போதும். இல்லையென்றால் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியை இரண்டாக மடித்து வையுங்கள். ரன்னர் தட்டையாக விழும், மேஜை ஓரத்தில் மடிந்து இறங்கும். எதை வைத்தாலும் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்துக்குக் கீழே தனியாக ஒரு மனையோ ஸ்டாண்டோ வைக்கச் சொல்லுங்கள்.

அடித்துணி எல்லாப் பக்கமும் 2 இஞ்ச் அதிகமாக இருக்கட்டும். தரையில் இழுத்துப் பரப்பி ஓரத்தை டேப்பால் ஒட்டி, மேலே ஃபிளானல், அதன்மேல் தைத்த ரன்னர். நடுவிலிருந்து ஆரம்பித்து நான்கு விரல் இடைவெளியில் ஊக்கு குத்துங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் துணி கூடிவிடும்.

கால் மெஷினிலும் தைக்கலாம். பாதத்தின் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தி, ஊசி 14 நம்பர் போட்டு, தையல் நீளத்தைக் கூட்டி, பட்டை சேரும் தையலின் பள்ளத்திலேயே நேராக ஓட்டுங்கள். எல்லாக் கோட்டையும் ஒரே திசையில் ஓட்ட வேண்டும். ஒன்று இப்படி ஒன்று அப்படி என்று ஓட்டினால் மேல்துணி முறுக்கிக்கொள்ளும். ஆனால் அக்காவுக்குக் கொடுப்பது என்றால் கையால் இழையோட்டுங்கள் என்பேன். ரன்னர் சின்னதுதான், மடியில் போட்டுக்கொண்டு மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பத்துப் பதினைந்து நாளில் முடிந்துவிடும். நூலில் சின்ன முடிச்சுப் போட்டு, மேல்துணியில் குத்தி வெடுக்கென்று இழுத்தால் முடிச்சு உள்ளே இறங்கிவிடும், எந்தப் பக்கமும் தெரியாது. ஒவ்வொரு தையலாகக் குத்தி எடுக்காதீர்கள். ஊசியை நிமிர்த்தி, அடித்துணிக்குக் கீழே இருக்கும் விரல் நுனியில் முனை லேசாகப் பட்டதும் திருப்பி மேலே கொண்டுவந்து, மூன்று நான்கு தையலை ஊசியிலேயே சேர்த்து ஒரே இழுப்பாக இழுங்கள். அந்தக் கை விரல் ஒரு வாரம் சொரசொரப்பாக இருக்கும், பரவாயில்லை.

எனக்கு இந்த ஆசை வந்ததே வடகர்நாடகாவில் இருந்தபோதுதான். உத்தர கன்னட மாவட்டத்தில் ஹளியாள், யெல்லாபூர் பக்கம் வாழும் சித்தி சமூகத்துப் பெண்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழியினர், பழைய துணிகளை வைத்து கவந்தி என்ற போர்வை தைப்பார்கள். அளவுகோல் கிடையாது. ஒரு மூலையில் ஆரம்பித்து, துண்டுகளை ஒவ்வொன்றாக ஓரம் மடித்து வைத்து, விளிம்பைச் சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலையிலும் மடித்த துணியில் பூ வைக்காவிட்டால் அவர்களுக்கு அது முடிந்த போர்வையே இல்லை. உங்கள் மத்து பிளாக் முழுக்க அளவில் நிற்கும் வேலை, அது முழுக்கக் கையில் நிற்கும் வேலை. பிளாக்கை அளந்து தைத்துவிட்டு, இழையோட்டுவதை மட்டும் அவர்கள் மாதிரிக் கை போகும் போக்கில் விடுங்கள், நன்றாக இருக்கும்.

---

ஊசிநூல்_ஈரோடு:

அக்கா, அண்ணா, எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சோதனைப் பட்டை தைத்துப் பார்த்தேன். நடுப்பட்டை ஏழு நூல்தான்! அளந்ததும் மனசு லேசாகிவிட்டது, காரணம் தெரியாமல் மூன்று நாள் தூக்கமே இல்லை. பிளாஸ்டர் ஆறு மடிப்பு ஒட்டி மறுபடி தைத்தேன், எட்டு நூல்.

மெரூன் பிளாக்கையும் மஞ்சள் பிளாக்கையும் பிளேடால் இரண்டு தையலுக்கு ஒன்றாக அறுத்து, மெதுவாகப் பிரித்தேன். நல்லபடியாக வந்தது, இப்போது இரண்டும் ஒன்பதரை. பச்சை, மாஸ்டர் அண்ணா சொன்ன மாதிரியே இழை இழையாக வந்துவிட்டது. அதற்குப் பட்டை நான்கையும் புதிதாக, கஞ்சி போட்ட துணியில் வெட்டித் தைத்தேன். கஞ்சி போட்ட துணிக்கும் போடாததற்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நினைக்கவில்லை, கத்தரி போகும்போதே சத்தம் மாறுகிறது. மெரூன் தண்ணீர் மூன்றாவது அலசலில்தான் தெளிந்தது. தைத்த பிளாக்கில் இருந்ததும் அதே துணிதான், அதனால் அந்தப் பிளாக்கையும் குளிர்ந்த தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தேன், க்ரீமில் ஒட்டவில்லை.

இன்னும் ஒரு சந்தேகம். அக்காவின் மேஜை 6 அடி. மூன்று பிளாக்கும் (ஓரத் தையல் போக ஒவ்வொன்றும் 9 இஞ்ச்) நடுவிலும் சுற்றியும் 2 இஞ்ச் பட்டையும் வைத்தால் 35 இஞ்சுதான் வருகிறது. பிளாக்கைச் சாய்த்து வைரம் மாதிரி வைத்தால் நீளம் கூடுமா? ஓரத்துக்கு எவ்வளவு துணி வெட்ட வேண்டும்?

---

பனிமலர்:

சாய்த்து வைத்தால் 9 இஞ்ச் பிளாக் மூலைக்கு மூலை ஏறக்குறைய 12¾ இஞ்ச், மூன்றுக்கு 38 இஞ்ச். பெரிதாகக் கூடவில்லை. இடைவெளியை நிரப்ப முக்கோணங்கள் வேறு வெட்ட வேண்டும், அதன் வெளி ஓரம் கிராஸாக விழாமல் இருக்க 14 இஞ்ச் சதுரத்தை இரண்டு குறுக்காக நான்காக வெட்ட வேண்டும். முதல் ரன்னருக்கு அது வேண்டாம். நேராகவே வைத்து, இன்னும் இரண்டு பிளாக் சேர்த்துவிடுங்கள். ஐந்து பிளாக் 45, ஆறு பட்டை 12, ஆக 57 இஞ்ச் நீளம், 13 இஞ்ச் அகலம். 6 அடி மேஜையில் இரண்டு முனையிலும் ஏழரை இஞ்ச் மரம் தெரியும், அதுதான் பார்க்க நன்றாக இருக்கும். பட்டையை இரண்டரை இஞ்சாக வெட்டுங்கள்.

ஓரத்துக்குச் சுற்றளவு 140 இஞ்ச், மூலை மடிப்புக்கும் ஒட்டுக்கும் சேர்த்து 152 வைத்துக்கொள்ளுங்கள். ரூபியா அகலம் 36 இஞ்ச்தான் இருக்கும் என்பதால் இரண்டரை இஞ்ச் பட்டை ஐந்து வெட்டி, சாய்வாக ஒட்டுப் போடுங்கள், நேராக ஒட்டினால் அந்த இடம் தடிக்கும். நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, மேல்பக்கம் மெஷினில் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங். அதில் உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. மூலை வரும்போது மட்டும் கால் இஞ்சுக்கு முன்னாலேயே நிறுத்தி, நூலை அறுத்து, பட்டையை மேலே நேராக மடித்து, மறுபடி கீழே மடித்துத் தொடங்குங்கள்.

---

தையல்_மாஸ்டர்:

ஓரத்துக்கு மெரூன் போடு தங்கச்சி. க்ரீம் போட்டால் கை படும் இடம் முதலில் அழுக்காகும். நான்காவது பிளாக் மெரூன், ஐந்தாவது மஞ்சள், பச்சை நடுவில் ஒன்றே ஒன்று நிற்கட்டும்.

---

ஊசிநூல்_ஈரோடு:

அப்படியே செய்தேன் அண்ணா. ஐந்தும் ஒன்பதரை, ஸ்கேலை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டேன். நேற்று இரவு அப்பாவின் பழைய வேட்டியை உள்ளே வைத்து ஊக்கு குத்தி முடித்தேன், அக்காவுக்கு அது தெரிந்தால் ரொம்பப் பிடிக்கும். இன்றைக்குப் பச்சைப் பிளாக்கின் நடுச் சதுரத்தில் இழையோட்ட ஆரம்பித்திருக்கிறேன். ஊசியில் இப்போதைக்கு இரண்டு தையல்தான் சேர்கிறது.

---

இழையோட்டி:

இரண்டு போதும். மூன்றாவது பிளாக் போகும்போது நான்கு சேரும். முதலில் தைத்ததைப் பிரிக்காதீர்கள், அப்படியே இருக்கட்டும்.